ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வைஃபை படுத்துவிடுகிறது, சிரிக்காமல் உதவுங்கள்

மொட்டைமாடி:

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். வீட்டில் எல்லாரும் ஏற்கெனவே சிரித்தாயிற்று.

மூன்று வாரமாக என் லேப்டாப்பில் இன்டர்நெட் நினைத்தபோது படுத்துக்கொள்கிறது. ஒரேயடியாகப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை, மூலையில் வைஃபை கோடுகள் எல்லாம் நிரம்பி ஜம்மென்று நிற்கும், ஆனால் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகும், வீடியோ அழைப்பில் நான் பேசுவது பாதி வார்த்தைதான் எதிரே போய்ச் சேரும். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு 4 முறை போன் செய்தேன். 4 முறையும் ஒரே மந்திரம்: ரவுட்டரை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுங்கள். ஐந்தாவது முறை ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். புதுசும் அதே கதை.

நேற்று ராத்திரிதான் கவனித்தேன். பேக்கப் எடுக்க வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மட்டும் இந்தக் கூத்து. பிடுங்கினால் சில விநாடிகளில் சரியாகிவிடுகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள 11 முறை செருகிப் பிடுங்கினேன், 9 முறை வைஃபை படுத்தது, 2 முறை மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ஏன் என்று தெரியவில்லை. இன்னொன்று, டிஸ்க் செருகியிருக்கும்போது வயர்லெஸ் மவுஸும் திக்கித் திக்கி நகர்கிறது. அதே நேரத்தில் பக்கத்திலேயே இருக்கும் போன் அதே வைஃபையில் நன்றாக ஓடுகிறது.

டிஸ்க் கம்பி வழியாகப் பேசுகிறது, வைஃபை காற்று வழியாகப் பேசுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சும்மாஇரு:

வைரஸ். விண்டோஸை ஃபார்மட் செய்து புதிதாகப் போடுங்கள்.

மொட்டைமாடி:

மவுஸுக்குமா வைரஸ்?

கம்பிச்சுருள்:

ஃபார்மட் எல்லாம் வேண்டாம். எனக்குப் படுவது கரண்ட் பிரச்சினை. யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து ஒரு சாதனம் 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம், 3.0 துளையில் 900 வரை. தனி அடாப்டர் இல்லாத டிஸ்க் சுழலத் தொடங்கும்போது நன்றாகவே இழுக்கும். பழைய லேப்டாப் என்றால் மற்ற சாதனங்கள் தடுமாற வாய்ப்பு உண்டு. சார்ஜரைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பாருங்கள், தனி மின்சாரம் உள்ள ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) இருந்தால் அதில் செருகியும் பாருங்கள்.

மொட்டைமாடி:

சார்ஜர் எப்போதும் போட்டபடிதான் இருக்கிறது, என் பேட்டரி அதில்லாமல் 20 நிமிடம் தாங்காது. தனி மின்சாரம் உள்ள ஹப் என்னிடம் இல்லை.

ஈயப்பற்று:

மொட்டைமாடி, உங்களுக்குப் பைத்தியம் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்த வியாதிதான். 2012-இலேயே இன்டெல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது.

உங்கள் டிஸ்க் யூஎஸ்பி 3.0 ஆக இருக்கும், நீல நிறத் துளையில் செருகுவீர்கள், சரிதானே? அதன் வேகம் விநாடிக்கு 5 கிகாபிட். அந்த வேகத்தில் கம்பியில் ஓடும் சிக்னல் ஒரே அதிர்வெண்ணில் அடங்கி இருக்காது, கீழிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். உங்கள் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அது நட்ட நடுவில் மாட்டிக்கொள்கிறது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரும் அதே 2.4, புளூடூத்தும் அதே 2.4. கேபிளின் முனை, துளை, டிஸ்க்கின் உறை, இவற்றில் கவசம் சரியில்லாத இடத்திலெல்லாம் அந்த இரைச்சல் வெளியே கசிகிறது. டிஸ்க் தகவலுக்குத் தேவையான சிக்னலே அதுதான் என்பதால் வடிகட்டி போட்டு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கவும் முடியாது. இன்டெல் அளந்து பார்த்தபோது அந்த அலைவரிசையில் இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபெல் ஏறியது, அதாவது சுமார் 100 மடங்கு.

வைஃபை கோடுகள் நிரம்பி நிற்பதற்குக் காரணமும் இதுதான். ரவுட்டரிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும், காதுக்குப் பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்பதைக் காட்டாது. கோவில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்கு அடியில் நிற்பவரிடம் எதிரே நிற்பவர் கத்திப் பேசுவது மாதிரி. கத்துவது கத்துவதுதான், கேட்கிறதா என்பது வேறு விஷயம். உங்கள் போன் கொஞ்சம் தள்ளி இருப்பதால் தப்பித்துக்கொண்டது.

அந்த 2 முறை ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். செவ்வக யூஎஸ்பி 3.0 முனையில் பழைய 4 தொடர்புகள் முன்னால் இருக்கும், வேகத்துக்கான 5 தொடர்புகள் உள்ளே தள்ளி இருக்கும். மெதுவாகச் செருகினால் முன்னால் இருப்பவை முதலில் தொட்டு, டிஸ்க் 2.0 ஆகவே பேச ஆரம்பித்துவிடுவது உண்டு. 2.0-வின் வேகம் 480 மெகாபிட்தான், இந்தத் தொல்லை அதில் கிடையாது. அந்த 2 முறையும் ஃபைல் நகல் ஆகும் வேகத்தைப் பார்த்தீர்களா?

இப்போது ஒரு சோதனை. ரவுட்டருக்கு பிங் போட்டு ஓடவிடுங்கள், அதாவது ஒரு குட்டிச் செய்தி அனுப்பி பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். டிஸ்க் லேப்டாப்பை ஒட்டி இருக்கும்போது எண்களைப் பாருங்கள், பிறகு நீளமான கேபிளில் டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். கம்பிச்சுருள் சொன்ன கரண்ட் காரணமும் தப்பில்லை, ஆனால் கரண்ட் பிரச்சினை என்றால் டிஸ்க்கைத் தள்ளி வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். தள்ளி வைத்ததும் குறைந்தால் அது காற்றில் வரும் தொல்லை.

மொட்டைமாடி:

ஈயப்பற்று அண்ணா, காலில் விழாத குறை.

டிஸ்க் இல்லாமல் 2, 3 மில்லி செகண்ட். செருகியதும் 300, 700, நடுநடுவே பதிலே வராமல் போகிறது. இன்னொரு நீளமான கேபிள் தேடி எடுத்து டிஸ்க்கைக் கட்டில் மேல் வைத்தேன், 30, 40-க்கு இறங்கியது. முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் வித்தியாசம் கண்கூடு. மறுபக்கம் இருந்த கறுப்புத் துளையில், அதாவது பழைய 2.0-வில் போட்டேன், 2, 3-தான், ஒரு அசைவும் இல்லை.

மெதுவாகச் செருகும் விஷயம். உங்கள் பதிலைப் படித்துவிட்டு வேண்டுமென்றே மெதுவாகச் செருகிப் பார்த்தேன், மூன்றாவது தடவையில் சிக்கியது! வைஃபை நன்றாக ஓடியது, நகல் எடுப்பதுதான் ஊர்ந்தது, விநாடிக்கு 30 மெகாபைட் சொச்சம். சாதாரணமாக 100-க்கு மேல் போகும். ஆக வேகம் வேண்டுமென்றால் வைஃபையை விட வேண்டும், வைஃபை வேண்டுமென்றால் வேகத்தை விட வேண்டும், அவ்வளவுதானா?

கம்பிச்சுருள்:

சரி, கரண்ட் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நாலாம்துளை:

இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு டிஸ்க்கே கிடையாது, ஆனால் யூஎஸ்பி-சி ஹப் ஒன்றில் மவுஸ் ரிசீவர், பென் டிரைவ் எல்லாம் வரிசையாக இருக்கும், பென் டிரைவ் போட்டால் மவுஸ் செத்துவிடும். ஆறு மாதமாக மவுஸின் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இதுவும் அதுதானா?

ஈயப்பற்று:

அதேதான். ரிசீவரை பென் டிரைவுக்கு ஒரு விரல் இடைவெளியில் வைத்திருக்கிறீர்கள். ஹப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பின் மறுபக்கத்தில் போடுங்கள், இடம் இல்லை என்றால் சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மவுஸ் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

மொட்டைமாடி, இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ரவுட்டர் புதிது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அநேகமாக இருக்கும். பல ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு எதில் சேருவது என்பதைத் தாங்களாகவே பார்த்துக்கொள்வதாகச் சொல்லும், பழைய லேப்டாப்கள் போய் 2.4-லேயே உட்கார்ந்துகொள்ளும். ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, லேப்டாப்பை 5-இல் மட்டும் சேர்த்துவிடுங்கள். சுவர் தாண்டினால் 5 கொஞ்சம் பலவீனம், ரவுட்டர் ரொம்பத் தொலைவில் இருந்தால் சுகப்படாது. உங்கள் வைஃபை அட்டை 5-ஐ ஏற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மவுஸால் 5-க்குப் போக முடியாது, அதற்கு எக்ஸ்டென்ஷன் கேபிள்தான்.

சும்மாஇரு:

அலுமினியத் தாளைச் சுற்றினால் போதும் என்று எங்கேயோ படித்தேன்.

ஈயப்பற்று:

கேபிளில் சுற்றிச் சிலருக்குக் கொஞ்சம் பலன் கிடைத்திருக்கிறது. கசிவது கேபிளா துளையா என்று தெரியாமல் சுற்றுவது குருட்டடி. டிஸ்க் உறையைச் சுற்றிவிடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். நல்ல கவசமுள்ள குட்டைக் கேபிள் ஒன்று மாற்றிப் பார்ப்பது அதைவிட மேல்.

மொட்டைமாடி:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

ரவுட்டருக்குள் நுழையவே ஒரு மணி நேரம் போயிற்று, கடவுச்சொல் அடிப்பக்க ஒட்டியில் பொடி எழுத்தில் இருந்தது, அதில் பூஜ்யம் எது ஓ எது என்று கடைசிவரை தெரியவில்லை, மாற்றி மாற்றிப் போட்டுத்தான் திறந்தது. பெயர்களைப் பிரித்தேன். முதலில் லேப்டாப்பின் கண்ணுக்கு 5 தெரியவே இல்லை, அட்டைதான் ஏற்காது போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன், பிறகு பார்த்தால் அட்டையின் அமைப்பில் 2.4 மட்டும் என்று இருந்தது. எப்போதோ வேறு ஏதோ ஒரு பிரச்சினைக்கு நானே மாற்றி வைத்த நினைவு. யாரையும் திட்ட முடியவில்லை.

இப்போது டிஸ்க் நீலத் துளையில் முழு வேகத்தில் ஓடுகிறது, பிங் 3, 4. மவுஸ் ரிசீவர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைக்கு வந்துவிட்டது. நேற்று ஒரு மணி நேர அழைப்பு, பேக்கப் பக்கத்திலேயே ஓட ஓட. ஒரு வார்த்தைகூட விடுபடவில்லை என்றார்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்து காரணத்தைச் சொல்லலாம் என்று பார்த்தேன், அடுத்தவருக்காவது உதவுமே. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரவுட்டரை ஒரு முறை அணைத்து 30 விநாடி கழித்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலாம்துளை:

ரிசீவரை மாற்றினேன், மவுஸ் ஓடுகிறது. இந்தப் புது பேட்டரிகளை எல்லாம் என்ன செய்வது?