சனம் சிரிக்க முதல் வந்த சொல் என்ன? ஸ்டாண்ட்-அப் கொமெடியில இங்கிலிஷ் படிக்கிறவைக்கு

பரந்தன் சந்தி:

ஓ.எல்லில இங்கிலிசுக்கு 'பி' எடுத்த பிள்ளையும், ஓகஸ்ட் லீவில லண்டனில இருந்து வந்து நிக்கிற மச்சானோட கதைக்கேக்க முழிக்கும். இலக்கணம் தெரியாமல் இல்லை. பிள்ளை பாடமாக்கினது 'ரிட்டேர்ன்', 'டிஸ்கவர்', 'டொலரேட்'. மச்சான்ர வாயில வாறது 'கம் பாக்', 'ஃபைண்ட் அவுட்', 'புட் அப் வித்'. இந்தச் சின்னச் சொற்கூட்டங்கள் ஸ்டாண்ட்-அப் கொமெடியில கொட்டிக் கிடக்கு. ஒரு ஆள் மைக்கோட நிண்டு மாமியார், பிளேன், சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு எண்டு வீட்டுக் கதை கதைக்கிறார். படத்தில மாதிரி பின்னணி இசை வந்து சொல்லை மூடாது.

இன்னொரு வசதி, சனத்தின்ர சிரிப்பு. சிரிப்பு எங்க வெடிக்குதோ அதுக்கு ஒட்டி முன்னாலதான் முக்கியமான சொல் இருக்கும். கொமெடியன்மார் அந்தச் சொல்லைத் தேடி வசனத்தின்ர கடைசியில வைப்பினம். அதுக்குப் பிறகும் கதை நீண்டால் சிரிப்பு அமுங்கிப் போகும். அதால, விளங்காத இடத்தில 10 செக்கன் பின்னால போங்கோ (யூடியூப்பில திரையின்ர இடப்பக்கம் ரெண்டு தட்டு). கடைசி மூண்டு நாலு சொல்லை மட்டும் பிடியுங்கோ. முழு வசனத்தையும் துரத்தினால் ஒண்டும் கையில வராது.

ஒரு தரத்துக்கு 3 நிமிசத் துண்டு போதும். முதல் முறை கீழ எழுத்து (சப்டைட்டில்) ஓடாமல் கேளுங்கோ. சனம் எத்தினை தரம் சிரிச்சது, உங்களுக்கு அதில எத்தினை விளங்கினது எண்டு கொப்பியில கோடு போடுங்கோ. ரெண்டாம் முறை எழுத்தோட, வேகம் 0.75. அதுக்குக் கீழ இறக்கினால் குரல் இழுபட்டு, சொல்லுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டுற விதமே மாறிப்போகும். மூண்டாம் முறை திரும்ப எழுத்தில்லாமல், சாதாரண வேகத்தில. ரெண்டு கோடு கூடினாலே நல்ல முன்னேற்றம்.

ஒரு துண்டில 5 சொற்கூட்டத்துக்கு மேல எழுதாதேங்கோ. 'எண்ட் அப்' எண்டு போட்டு நேர 'முடிவடைதல்' எண்டு எழுதினால் அது பிழை. வவுனியாவில பஸ் ஏறி மாங்குளத்தில இறங்க வேண்டிய ஆள் நித்திரையாகி, கிளிநொச்சியில முழிச்சால், 'ஐ எண்டட் அப் இன் கிளிநொச்சி.' அலுவலாய்க் கிளிநொச்சிக்கே போன ஆள் அப்பிடிச் சொல்லாது. நினையாமல் போய் நிக்கிறதுதான் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கிற கருத்து. அதால கொப்பியில மூண்டு வரி வேணும்: கொமெடியன் சொன்ன முழு வசனம், எந்த நிலைமையில சொன்னவர் எண்டு தமிழில, பிறகு எங்கட ஊர் விசயத்தில சொந்தமாய் ஒரு வசனம்.

மல்லாவி ரீச்சர்:

தம்பி, அது சரி. ஆனால் எங்கட பிள்ளையளுக்குச் சொல் தெரிஞ்சும் காது பிடிக்கிறேல்லை. அமெரிக்கக்காரர் ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவில வாற 'ட்'டைப் பெரும்பாலும் எங்கட 'ர' மாதிரித்தான் சொல்லுவினம். வோட்டர் 'வாரர்' ஆகும், பெட்டர் 'பெரர்' ஆகும், கெட் இட் 'கெரிட்' ஆகும். 'ர' தமிழ்ப் பிள்ளைக்குப் பிறவியிலேயே தெரிஞ்ச சத்தம். இதை ஒருக்கால் சொல்லிக் குடுத்தால் பிறகு தானாய்ப் பிடிக்கும். லண்டன் பக்கத்துக் கதையில அந்த 'ட்' தொண்டைக்குள்ள விழுங்குப்பட்டுப் போறதும் உண்டு.

அதைவிடக் கரைச்சல் 'கான்'னும் 'கான்ட்'டும். அமெரிக்கப் பேச்சில 'கான்ட்'டின்ர 'ட்' கனதரம் கேக்காது. அதைத் தேடி மினக்கெடாதேங்கோ, அழுத்தத்தைப் பாருங்கோ. 'ஐ கன் கோ' எண்டு குறுக்கி ஓடினால் போகலாம். 'ஐ கேஏன் கோ' எண்டு நடுச்சொல் நீண்டு அழுத்தம் விழுந்தால் போகேலாது. இதில பிழைச்சால் முழுப் பகிடியும் தலைகீழாய்ப் போகும்.

யூடியூப் தானாய்ப் போடுற எழுத்தை முழுக்க நம்பவும் வேண்டாம். பேர்களைப் பிழையாய் எழுதும், ஒட்டிச் சொல்லுற சொல்லுகளையும் சிலநேரம் மாத்திப் போடும். ஆக்கள் எழுதிச் சேர்த்த எழுத்து இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கோ. டேட்டா குறைவெண்டால் வீடியோத் தரத்தை 240pஇல வைச்சுப் பாக்கலாம். 144pக்கு இறக்கினால் வாயசைவும் முகமும் தெரியாது. நக்கலாய்ச் சொல்லுற 'ஓ, கிரேட்' முகத்தில பாதி, குரலில பாதி.

முள்ளியவளை 07:

ரீச்சர், எல்லாரும் தூசணம் எல்லோ கதைக்கினம்? அப்பம்மா இருக்கிற வீட்டில எப்பிடிப் போடுறது? ஆரைப் பாக்கலாம்?

ஏ9 யன்னல் சீற்:

தங்கச்சி, எல்லாரும் இல்லை. நேட் பார்கட்ஸி எண்டு டென்னசிக்காரர் ஒருத்தர். தூசணம் இல்லை, ஆறுதலாய்க் கதைப்பார், சொல்லுகளும் லேசு. தொடக்கத்துக்கு அவர்தான் என்ர தெரிவு. ஜிம் கஃபிகனும் துப்பரவான ஆள். சாப்பாட்டுக் கதை கூட. ஆனால் அமெரிக்கச் சாப்பாட்டுக் கொம்பனிப் பேருகள் நிறைய வரும், அதுகளை விட்டிட்டு நகருங்கோ. மைக்கல் மெக்கின்டயர் பிரிட்டிஷ், வேகம் கூட. ஆனால் சொல்லுறதை உடம்பாலயும் நடிச்சுக் காட்டுறதால படத்தோட பாத்தால் பாதி அதிலயே விளங்கும்.

ரொமேஷ் ரங்கநாதனைக் கட்டாயம் ஒருக்கால் பாருங்கோ. 1978இல இங்கிலாந்தில க்ரோலியில பிறந்தவர், தாய் தகப்பன் இலங்கைத் தமிழர், கொமெடிக்கு வர முதல் கணக்கு வாத்தியார். அம்மா, சொந்தக்காரர் எண்டு அவர் சொல்லுற விசயம் எங்களுக்குத் தெரிஞ்சது. அதால தெரியாமல் நிக்கிறது சொல் மட்டும்தான், அதைப் பிடிக்கிறது சுகம். ஆனால் அவர் தூசணம் தாராளமாய் விடுவார், அப்பம்மாவுக்கு முன்னால வேண்டாம். யூடியூப்பின்ர தானியங்கி எழுத்தில சதுர அடைப்புக்குள்ள வெறும் கோடு வந்தால், அது தூசணத்தை மறைச்ச இடம். விளங்கேல்லை எண்டு மண்டையை உடைக்காதேங்கோ.

அரசியல் கொமெடியைத் தொடக்கத்தில தொடவே வேண்டாம். அங்கத்தைச் செய்தி தெரியாட்டில் இங்கிலிஷ் எவ்வளவு தெரிஞ்சும் சிரிப்பு வராது. எல்லாச் சொல்லும் விளங்கியும் ஏன் சிரிச்சவை எண்டு தெரியாத இடமும் வரும். முதல் பாதியில சொன்ன பகிடியைப் பிறகு ஒரு சொல்லால இழுத்து விடுறது அது. வெட்டின துண்டில அந்த முதல் பாதி இருக்காது. விட்டிட்டுப் போங்கோ.

பம்பைமடு பெஞ்ச்:

நேர மொழிபெயர்த்தால் மாட்டுப்படுற சொல்லுகள் கொஞ்சம்.

வெளிநாட்டுப் பிள்ளையிட்ட 'டீ வேணுமோ' எண்டு கேட்டால் 'ஐ'ம் குட்' எண்டும். வேண்டாம் எண்டு அருத்தம். நல்லம் எண்டு நினைச்சு ஊத்திக் குடுக்கிற வீடுகள்தான் கூட. 'ஷட் அப்!' எண்டு கண்ணை விரிச்சுச் சொன்னால் 'உண்மையாவோ!' அமெரிக்கக்காரர்ர 'காஸ்' பெற்றோல், சிலிண்டர் இல்லை. 'பாண்ட்ஸ்' அமெரிக்காவில நீளக் காற்சட்டை, லண்டனில உள்ளுடுப்பு, ஆக்களுக்கு முன்னால கவனம். 'குவைட் குட்' அமெரிக்கனுக்கு மெத்தப் பாராட்டு, பிரிட்டிஷ்காரன் சொன்னால் 'பரவாயில்லை' மட்டும்தான்.

'பொம்ப்' இருக்கு. அமெரிக்கக் கொமெடியன் 'ஐ பொம்ப்ட்' எண்டால் ஒருத்தரும் சிரிக்கேல்லை, படுதோல்வி. 'ஐ கில்ட்' எண்டால் வெற்றி. பிரிட்டனில 'வென்ட் டவுன் எ பொம்ப்' எண்டால் நேரெதிர், அமோக வெற்றி. விளங்கி வைச்சிருங்கோ. வன்னியில இருந்துகொண்டு வாயில எடுக்கிறதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நேர்முகத்தில 'கொன' ('கோயிங் டு'), 'வொன' ('வோன்ட் டு') எண்ட குறுக்கங்கள் பேச்சோட பேச்சாய்ப் போகும். எழுத்தில போடாதேங்கோ. 'டூட்', 'கைஸ்' எண்டு அதிகாரியைக் கூப்பிட்டால் அலுவல் அதோட சரி.

மல்லாவி ரீச்சர்:

கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாக்கவும் வேணும். 30 செக்கனை போனில பதிஞ்சு, கொமெடியன்ர குரலுக்குப் பக்கத்தில வைச்சுக் கேளுங்கோ. எங்க மூச்சு விட்டவர், எங்க நிப்பாட்டினவர் எண்டு ஒப்பிடுங்கோ. சாயலை, உச்சரிப்பை அப்பிடியே கொப்பியடிக்கத் தேவையில்லை.

எங்கட பிள்ளையள் சொன்னால் சிரிப்பு வராததுக்கு ஒரு காரணம் தமிழ் வசன ஒழுங்கு. தமிழில வினை கடைசியில வரும், அந்தப் பழக்கத்தில இங்கிலிசிலயும் வினையைக் கடைசிக்குத் தள்ளுவினம். கனடா மாமா 10 வரியத்துக்குப் பிறகு வாறார் எண்டு வையுங்கோ. 'வன் பாக் ஃபோ அஸ், த்ரீ பாக்ஸ் ஒவ் வோட்டர் ஹி ப்ரோட்' எண்டால் 'வோட்டர்' நடுவில புதைஞ்சு போகும். 'ஹி ப்ரோட் வன் பாக் ஃபோ அஸ், அண்ட் த்ரீ பாக்ஸ் ஒவ்...' எண்டு ஒருக்கால் நிப்பாட்டி, பிறகு 'வோட்டர்' எண்டு சொல்லிப் பாருங்கோ.