பழைய டி4 கேம்பர் வான்: சன்ரூஃப்பால தண்ணி ஒழுகுது, உதவி தேவை

ஹரோ வான்

எல்லாருக்கும் வணக்கம். எங்களிட்ட 1999ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் டி4 கேம்பர் வான் ஒண்டு இருக்கு. மூண்டு வருசத்துக்கு முதல் பழசா வாங்கினது. முன் சீற்றுகளுக்கு மேல திறந்து மூடுற கண்ணாடி சன்ரூஃப். போன ஒக்ரோபரில இருந்து அதால தண்ணி வருது.

முதல்ல இடப்பக்க முன்மூலையில, கூரைத் துணியில தேத்தண்ணி நிறத்தில ஒரு கறை மட்டும்தான் தெரிஞ்சுது. பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கிற இடத்தில கம்பளம் ஈரமாச்சு. இப்ப என்னெண்டா, மழை பெஞ்ச அடுத்த நாள் காலமை வானை எடுத்துக்கொண்டு போய் முதல் ரவுண்டபவுட்டில பிறேக்கில கால் வைக்க, மேலயிருந்து ஒரு கோப்பைத் தண்ணி அப்பிடியே கொட்டுது. திங்கக்கிழமை மகள் பள்ளிக்கூட உடுப்போட முழுக நனைஞ்சு போனா.

ஒரு கராஜில கேட்டன். பழைய வான்தானே, சன்ரூஃப்பை நிரந்தரமா ஒட்டி மூடிவிடுங்கோ எண்டாங்கள். எனக்கு மனம் வரேல்ல. முன் சீற்றைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுட்டு, பிள்ளையள் இரவில அதுக்குள்ளால வானத்து வெள்ளியளைப் பாக்கிறதுக்காகவே நாங்கள் வாங்கின வான் அது. அதால நானே கண்ணாடியைச் சுத்தி, ரப்பருக்கு மேல சிலிக்கன் பூசினன். இரண்டு கிழமை நிண்ட மாதிரி இருந்துது. இப்ப முந்தியைவிட மோசம்.

இன்னொண்டு. பூசுறதுக்கு முதல், ஒக்ரோபர் விடுமுறைக்கு லேக் டிஸ்றிக்ற் போய் சீத்வெயிற்றுக்குக் கிட்ட இரண்டு இரவு நிண்டனாங்கள். இங்கிலாந்தில ஆக்கள் குடியிருக்கிற இடங்களுக்குள்ள ஆகக்கூட மழை பெய்யிற இடம் அது. இரண்டு இரவும் விடாமல் ஊத்தினது. ஒரு சொட்டு உள்ளுக்கு வரேல்ல! வீட்டு வாசல்ல நிண்டாத்தான் ஒழுகுது. புது ரப்பர் வாங்கிப் போடவோ? பெப்ரவரியில எம்ஓரியும் (வருசாவருசம் வாகனத்துக்குச் செய்யிற கட்டாயப் பரிசோதனை) வருது.

தகரவேலை

அக்கா, ரப்பருக்குக் காசு குடுக்காதேங்கோ. முதல் ஒரு கேள்வி: உங்கட வாசல் சரிவோ? வானின்ர மூக்கு கீழ பாத்தோ நிக்குது?

ஹரோ வான்

ஓம், வீட்டுச் சுவர்ப் பக்கம் நல்லாப் பதியும். மூக்கு கீழதான். கேம்ப்சைற்றில சக்கரத்துக்குக் கீழ கட்டை வைச்சு மட்டம் பாத்து விட்டனாங்கள். அதுக்கும் இதுக்கும் தொடர்போ?

தகரவேலை

அதுதான் முழு விசயமும்.

சன்ரூஃப் ரப்பர் தண்ணியை முழுக்கத் தடுக்கிறதுக்கு வைச்சதில்லை. காத்துச் சத்தத்தையும் பெரும்பகுதித் தண்ணியையும்தான் அது மறிக்கும். மிச்சத் தண்ணி ரப்பரைத் தாண்டி உள்ளுக்கு வரும் எண்டு தெரிஞ்சுதான் கட்டியிருக்கிறாங்கள். கண்ணாடியைத் திறந்து பாத்தா, சுத்திவர ஒரு தகரத் தட்டு, பீலி மாதிரி ஓடும். அதின்ர மூலையளில ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையில இருந்தும் ஒரு மெல்லிய ரியூப், கூரையைத் தாங்கிற தூணுக்குள்ளால இறங்கி, தண்ணியைக் கீழ றோட்டில விடும். வீட்டுக் கூரைப் பீலியும் அதின்ர குழாயும் எப்பிடியோ, அப்பிடி.

உங்கட முன் இடப்பக்கக் குழாய் அடைச்சிருக்கு எண்டு நினைக்கிறன். வாசல்ல மூக்குப் பதிய நிக்கேக்க தண்ணியெல்லாம் முன்மூலைக்கு வந்து, போக வழியில்லாமல் தட்டில தேங்குது. பிறேக் அடிக்க அந்தத் தேங்கின தண்ணிதான் முன்னுக்குப் பாய்ஞ்சு கொட்டுது. மட்டமா நிண்டா மற்ற மூலையள் வேலை செய்யும். அதாலதான் அந்த மழையிலயும் நனையேல்ல.

சிலிக்கனைக் கழட்டுங்கோ அக்கா. அது தண்ணியை நிப்பாட்டாது, இருக்கிற ஈரத்தைத்தான் உள்ளுக்கு அடைச்சு வைக்கும். பிளாஸ்ரிக் சுரண்டியால மெதுவாச் சுரண்டுங்கோ, கத்தி வேண்டாம். பெயின்ற் கீறுப்பட்டா அந்தக் கீறலுக்குள்ளால துரு தொடங்கிவிடும்.

ஸ்டுட்கார்ட் பஸ்

வணக்கம் அக்கா, நான் கோயம்புத்தூர், இப்ப ஜெர்மனியில இருக்கேன். என்கிட்டயும் டி4 தான். மேல சொன்னவர் சொல்றது சரிதான், ஆனா கூரையைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துடுங்க. ஒண்ணு, தரையில இருக்கிற ஈரத்தைத் தொட்டு மோந்து பாருங்க. இனிப்பா ஒரு வாசனை, கையில பிசுபிசுப்பு, முன் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் மாதிரி படலம், இதெல்லாம் இருந்தா அது மழைத்தண்ணி இல்ல, ஹீட்டர்ல இருந்து வர்ற கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம். ரெண்டாவது, டி4ல முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில துரு பிடிக்கிறது ரொம்ப சகஜம். அங்கிருந்து வந்தாலும் இதே இடம்தான் நனையும். ரப்பர் ஓரத்துல பெயின்ட் கொப்புளம் இருக்கான்னு பாருங்க.

பர்மிங்காம் மழை

கொம்பிறெசர் இருந்தா மேல ஓட்டைக்குள்ள காத்தை அடிச்சு விடுங்கோ, ஒரு நிமிச வேலை.

தகரவேலை

தம்பி, அதைச் செய்ய விடாதேங்கோ. இருபத்தைஞ்சு வருசத்து ரியூப். காத்து அமத்தத்தில அடைப்புப் போறதுக்கு முதல் ரியூப் கழண்டு போகும். பிறகு தூணுக்குள்ளயே தண்ணி கொட்டும், கூரைத் துணி முழுக்க இறக்கித்தான் திருத்தவேணும். நான் அப்பிடி ஒண்டு கழட்டிப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அக்கா, புல்லு வெட்டுற ஸ்றிமர் மெசினுக்குப் போடுற நைலோன் கயிறு, 2 மில்லிமீற்றர், அதுதான் வேணும். நுனியை லைற்றரால உருக்கி உருண்டையாக்குங்கோ, இல்லாட்டி ரியூப்பைக் குத்திக் கிழிக்கும். மேலயிருந்து முறுக்கி முறுக்கி விடுங்கோ. முட்டினா அமத்தாதேங்கோ, வெளியில எடுத்து, கொஞ்சம் சுடுதண்ணி விட்டுத் திரும்ப விடுங்கோ. கொதிக்கிற தண்ணி வேண்டாம்.

அதுக்கு முதல் சோதனை. சின்னப் போத்தில்ல தண்ணி எடுத்து ஒரு மூலையில மட்டும் மெதுவா ஊத்துங்கோ. ஒரு ஆள் கீழ குனிஞ்சு எங்கால வருதெண்டு பாக்கட்டும். ஒவ்வொரு மூலையாச் செய்யுங்கோ. எல்லாத்திலயும் ஒரேயடியா ஊத்தினா ஒண்டும் பிடிபடாது.

ஹரோ வான்

சனிக்கிழமை முழுக்க இதுதான் வேலை. மணந்து பாத்தன், இனிப்பு மணம் இல்லை, ஊறின கம்பள மணம்தான். முன் கண்ணாடி ஓரத்தில கொப்புளமும் இல்லை.

பின் மூலை இரண்டிலயும் ஊத்தினன், மகன் கீழ படுத்துக்கொண்டு "வருது வருது" எண்டு கத்தினான். முன் வலது, மெதுவா வந்துது. முன் இடது, ஒண்டுமில்லை. தட்டில குளம் மாதிரி நிண்டுது. பஞ்சால ஒத்தி எடுத்துட்டு ரோர்ச் அடிச்சுப் பாத்தா, ஓட்டையின்ர வாயில சோத்துப் பருக்கையளவு ஒரு வெள்ளைக் கட்டி. நான் பூசின சிலிக்கன்! அரைவாசி அடைச்சிருந்ததை நானே முழுசா அடைச்சிருக்கிறன். சாவணத்தால பிடிச்சு இழுக்க வந்திட்டுது. பிறகு நைலோன் கயிறு ஒரு முழத்துக்கு மேல போய் முட்டினது. மூண்டுதரம் சுடுதண்ணி விட்டு முறுக்கினாப் பிறகு, முன் கதவுப் பிணைச்சலுக்குக் கிட்டக் கறுப்புச் சேறு பொளக்கெண்டு விழுந்துது. அதுக்குள்ள பைன் மர ஊசியிலை. எங்கட வாசல்ல நிக்கிற பக்கத்து வீட்டு மரம்தான். அதுக்குப் பிறகு தண்ணி கம்பி மாதிரி நேரா ஓடினது. வலப்பக்கத்தையும் அப்பிடியே துப்பரவாக்கினன்.

சிலிக்கன் கழட்டினாப் பிறகு ரப்பருக்கு வாசலின் பூசலாமோ? தரைக் கம்பளத்தை அப்பிடியே காய விடலாமோ?

ஸ்டுட்கார்ட் பஸ்

சூப்பர் அக்கா! வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் பட்டா அந்த ரப்பர் ஊதி இளகிடும். கிளிசரின் கலந்த ரப்பர் திரவம் கார் சாமான் கடையில கிடைக்கும், அதைத் துணியில தொட்டுத் தடவுங்க.

கம்பளத்தை அப்படியே விடாதீங்க. மேல காஞ்சமாதிரி இருக்கும், அடியில இருக்கிற ஃபோம் மாசக்கணக்கா தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். தூக்கி, அடியில டவல் வச்சு நல்லா மிதிங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டு உள்ள காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற டிஹியூமிடிஃபையர் ரெண்டு மூணு நாள் ஓடட்டும்.

தகரவேலை

கம்பளம் தூக்கேக்க சீற்பெல்ற் போல்ற் இறுக்கியிருக்கிற இடத்தை வடிவாப் பாருங்கோ. ஒழுகுறதுக்காக எம்ஓரியில ஃபெயில் பண்ணமாட்டினம். ஆனா அந்தப் போல்ற்றில இருந்து 30 சென்ரிமீற்றருக்குள்ள தகரம் உக்கிப் பலமில்லாமல் இருந்தா ஃபெயில்தான். ஸ்குறூ டிறைவர் பிடியால தட்டிப் பாருங்கோ. நல்ல தகரம் கிண் எண்டு கேக்கும், உக்கினது மொத்தையாக் கேக்கும். மேலால படிஞ்ச துரு எண்டா கம்பித் தூரிகையால உரஞ்சி, துருத்தடுப்புப் பெயின்ற் அடிச்சாக் காணும்.

ஹரோ வான்

தட்டிப் பாத்தன், கிண் எண்டுதான் கேட்டுது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மேல்துரு, உரஞ்சிப் பெயின்ற் அடிச்சாச்சு. ஃபோமில இருந்து வந்த தண்ணியைப் பாத்தா நம்பமாட்டியள், இரண்டு வாளி.

புதன் இரவு நல்ல மழை. வேணுமெண்டே மூக்குக் கீழ பாக்க விட்டன். காலமை என்ர மனுசன் பாக்கிறதுக்கு முதல் நானே போய்க் கூரைத் துணியைக் கையால தடவினன். காய்ஞ்சிருந்துது. பள்ளிக்கூடம் போற வழியில அதே ரவுண்டபவுட்டில கொஞ்சம் கூடுதலாவே பிறேக் அடிச்சன். மகள் கையால தலையைப் பொத்திக்கொண்டிருந்தா. ஒண்டும் விழேல்ல.

தகரவேலை அண்ணை, ஸ்டுட்கார்ட் தம்பி, இரண்டு பேருக்கும் மனசார நன்றி. நைலோன் கயிறை வான் லாச்சிக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன். மரம் கொட்டி முடியிற நேரம், நவம்பர் கடைசியில, திரும்ப ஒருக்கா விடவேணும்.