என்ஜினியரிங் கவுன்சிலிங்: கட்-ஆஃப் 196.5, ஆனா நாட் அலாட்டட் (சீட் ஒதுக்கல): உங்க கதை என்ன?

தேனிக்காரி:
பையனுக்கு கணக்கு 99, பிசிக்ஸ் 98, கெமிஸ்ட்ரி 97. கட்-ஆஃப் 200க்கு 196.5. சொந்தக்காரங்க எல்லாம் "கிண்டி என்ஜினியரிங் காலேஜ்தான், சந்தேகமே இல்ல"ன்னாங்க. சாய்ஸ் ஃபில்லிங்ல, அதாவது வேணும்ங்கற காலேஜை வரிசையா போடறதுல, கிண்டியும் குரோம்பேட்டை எம்ஐடியும்தான், ரெண்டுலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி. மொத்தமே நாலு. "இன்னும் பத்து காலேஜ் போடலாம்மா"ன்னான். "அபசகுனமா பேசாதடா"ன்னு வாயை அடைச்சது நான்தான்.

அலாட்மென்ட் அன்னிக்கு நாட் அலாட்டட்னு வந்துச்சு. நெட் ஸ்லோன்னு சொல்லிட்டு லாக்-அவுட் பண்ணி மறுபடி உள்ள போனான். நாலு தடவை. நான் கேசரிக்கு ரவை வறுத்துட்டிருந்தேன், அடுப்பை அணைக்கக்கூடத் தோணல.

2009பேட்ச்:
நீங்களாச்சும் வீட்ல இருந்து பாத்தீங்க. 2018ல கவுன்சிலிங் ஆன்லைன் ஆகுறதுக்கு முந்தி அண்ணா யுனிவர்சிட்டிக்கே போகணும். தஞ்சாவூர்ல இருந்து ராத்திரி பஸ், அப்பா மடியில சர்டிஃபிகேட் ஃபைல். ஸ்க்ரீன்ல காலி சீட் குறைஞ்சுட்டே வரும். நான் நினைச்சிருந்த காலேஜ்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) 2 சீட் இருந்துச்சு. எங்களைக் கூப்பிடுறதுக்குள்ள சைபர். "சிவில் எடுடா, வீடு கட்டாம எவன் இருக்கப் போறான்"னார் அப்பா. எடுத்துட்டேன்.

கணக்குவாத்தி:
தம்பி, ஆன்லைனோ நேரோ, கணக்கு ஒண்ணுதான். தேனி அம்மா, கம்யூனிட்டி சொல்லாம கட்-ஆஃப் மட்டும் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஓசி 31%, பிசி 26.5%, எம்பிசி 20%, ஒவ்வொண்ணும் முடியற இடம் வேற. மார்க்கை விட்டுட்டு ரேங்கைப் பாக்கணும். பேப்பர் ஈசியா வந்த வருசம் 196க்கு மேல ஒரு படையே நிக்கும். கட்-ஆஃப் சமமா இருந்தா கணக்கு மார்க், பிசிக்ஸ் மார்க்னு போய் கடைசில ரேண்டம் நம்பர் வரைக்கும் இழுக்கும். கிண்டியை மேல போட்டது தப்பே இல்ல, கிடைக்காத சாய்ஸ் கீழ இருக்கறதைக் கெடுக்காது. கீழ ஒண்ணுமே போடாததுதான் தப்பு. சாய்ஸுக்கு உச்சவரம்பே கிடையாதே! என் பொண்ணுக்கு 112 போட்டோம், திட்டிக்கிட்டே டைப் பண்ணா. கிடைச்சது 9வது.

தேனிக்காரி:
சார், நான் அட்வைஸ் கேக்கல. அடுத்த ரவுண்ட்ல வேற ஊர்ல ஈசிஇ கிடைச்சு சேர்ந்துட்டான், நல்லாத்தான் படிக்கிறான். போன வாரம் தங்கச்சிக்கு டியூஷன் மாத்தலாமான்னு ஃபோன்ல கேட்டேன். "உனக்குத்தாம்மா எல்லாம் தெரியும்"னான். சிரிச்சுட்டேதான் சொன்னான்.