வியாதியஸ்தர் சந்திப்பில் பாட்டு: எதை, எப்படி, எவ்வளவு நேரம்?

வீடுசந்திப்பு ஊழியர்:
எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) வாரந்தோறும் குழுவாக வீடுசந்திப்புக்குப் போகிறோம். இரண்டு கீர்த்தனை, ஒரு வேதபாடம், ஜெபம், இதுதான் வழக்கம். இப்போது மூன்று வீடுகளில் தடுமாறுகிறோம். மறதிநோய் உள்ள ஒரு பாட்டியம்மா பாட்டைக் கேட்டதும் சில நாள் முகம் மலர்கிறார், சில நாள் காதைப் பொத்திக்கொள்கிறார். பக்கவாதத்துக்குப் பின் ஓர் அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. கணவரை இழந்து இரண்டு மாதம் ஆன சகோதரி, நாங்கள் பாட ஆரம்பித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். இசை சிகிச்சையாளர் யாரும் பக்கத்தில் இல்லை. என்ன செய்யலாம்?

மருத்துவமனை சாப்ளின் (நோயாளிகளைச் சந்திக்கும் போதகர்):
முதலில் அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். துக்க வீட்டில் துதிப்பாடல் பாடுவதுதான் நம் சபைகளில் அதிகம் நடக்கும் தவறு. மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவதைக் குளிரில் ஒருவனுடைய ஆடையைக் களைவதற்கு நீதிமொழிகள் 25:20 ஒப்பிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் இரா ஆல்ட்ஷுலர் 1940களில் முன்வைத்த ‘ஐசோ’ முறையும் இதையே சொல்கிறது: கேட்பவரின் மனநிலை எங்கே இருக்கிறதோ, இசை அங்கே தொடங்க வேண்டும். பிறகுதான் மெல்ல மெல்ல நகர்த்தலாம்.

அதனால் அங்கே பத்துப் பேர் போகாதீர்கள், இருவர் போதும். “பாடலாமா அம்மா, சும்மா உட்கார்ந்திருக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சரி என்றால் புலம்பலின் சாயலுள்ள ஒரு பாட்டில் ஒரே சரணம், மெதுவாக. அதன்பின் ஒரு நிமிடமாவது மௌனம். வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதம் புலம்பலில் தொடங்கித் துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இழப்பு நேர்ந்து இரண்டே மாதம் ஆன வீட்டில் 88-க்கும் இடம் உண்டு. அடக்க ஆராதனையில் பாடிய பாட்டை அவரே கேட்காமல் எடுக்க வேண்டாம்.

தாவீதின் சுரமண்டலம் சவுல் ராஜாவுக்கு ஆறுதல் தந்ததை (1 சாமுவேல் 16:23) எல்லோரும் சொல்வார்கள். 18-ஆம் அதிகாரத்தில் அதே தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிகிறான். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

பாடகர் குழு கீபோர்டிஸ்ட்:
பாட்டியம்மாவுக்குச் சுதிதான் பாதிப் பிரச்சினையாக இருக்கும். வயதானால் பெண்களின் குரல் இறங்கும். இளமையில் 5 கட்டைச் சுதியில் பாடியவருக்கு இப்போது அதைவிடத் தாழ்ந்த 3 அல்லது 4 கட்டை வசதி. ஆராதனைச் சுதியிலேயே எடுத்தால் சரணத்தின் உச்சத்தில் அவரால் சேர முடியாது, எரிச்சல்தான் வரும்.

கீபோர்டு, ரிதம் பேட், டாம்போரின் எதுவும் வேண்டாம். போனில் சுதிப்பெட்டி சன்னமாக ஒலித்தால் போதும். டிவியை அணையுங்கள். காதுக்கருவி இருந்தால் விசிலடிக்கிறதா என்று பாருங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் திடீரென்று தாங்க முடியாததாகிவிடும், காதைப் பொத்துவது பெரும்பாலும் அதனால்தான். சாயங்காலம் பதற்றம் கூடுகிறவர் என்றால் காலையில் போங்கள்.

பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். 10 முதல் 25 வயதுக்குள் அவர் பாடியது எது என்று பிள்ளைகளிடம் விசாரியுங்கள்: பாமாலையா (மேல்நாட்டு மெட்டில் உள்ள ஞானப்பாட்டு), கீர்த்தனையா, ஓய்வுநாள் பள்ளிப் பாட்டா? வார்த்தைகளும் பழைய பதிப்பில் உள்ளபடியே இருக்கட்டும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் கீர்த்தனை இங்கே மிகவும் உதவும். மூன்றாம் முறை பல்லவியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பல நேரம் அந்தச் சொல் அவரிடமிருந்து வரும்.

பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) செவிலியர்:
பேச்சு வராத அண்ணனைப் பற்றி. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சு போனவர்களில் சிலரால் பழகிய பாட்டை வார்த்தைகளோடு பாட முடியும். அதைப் பார்த்து “சுகமாகிவிட்டார்” என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடாதீர்கள். பாட்டில் வரும் சொல் உரையாடலில் தானாக வராது. இதற்கென்று மெலடிக் இன்டோனேஷன் தெரபி என்ற முறை 1973-லிருந்து இருக்கிறது: குறுஞ்சொற்றொடரை இரண்டே சுருதியில் இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒன்றாக இடது கையைத் தட்டுவது. அது பேச்சுப் பயிற்சியாளரின் வேலை, அவரிடம் அனுப்புங்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி, வழக்கத்தைவிட மெதுவாகப் பாடினால் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் களைத்துவிடுவார்.

புருவம் சுருங்குவது, முகத்தைத் திருப்புவது, போர்வையை இறுக்கிப் பிடிப்பது, மூச்சு வேகமாவது: இதில் எதைக் கண்டாலும் நிறுத்துங்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவருக்கு அது கொடுமை.

வீடுசந்திப்பு ஊழியர்:
நன்றி. பாடும்போது அந்தச் சகோதரி அழுதுவிட்டால் நிறுத்திவிடலாமா?

மருத்துவமனை சாப்ளின்:
சட்டென்று நிறுத்தினால் அழுதது தப்பு என்று நினைப்பார். வார்த்தையை விட்டுவிட்டு, மெட்டை மட்டும் வாய்க்குள் முனகி அந்த வரியை முடியுங்கள். உடனே ஜெபத்துக்குத் தாவ வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் அடியோடு விட்டுப்போயிருந்தாலோ, “நானும் போயிடணும்” என்று சொன்னாலோ அங்கே பாட்டு போதாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.