பணம் வராத வரி முழுவதும் சிவப்பாக வேண்டும், ஒரு கட்டம் மட்டும்தான் ஆகிறது (கூகுள் ஷீட்ஸ்)

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு அறுவடை மெஷின் ஓடுகிறது, ஒன்று பெல்ட், ஒன்று டயர். கணக்கு என் பொறுப்பு. போன வருடம் வரை நீள நோட்டு. இந்தச் சம்பா அறுப்புக்குத்தான் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றினேன், டிரைவர்கள் இரண்டு பேரும் வயலிலிருந்தே ஃபோனில் ஏற்றிவிடுகிறார்கள். பத்திகள் இப்படி: ஏ தேதி, பி பெயர், சி ஊர், டி எத்தனை மா (எங்கள் பக்கத்து நில அளவு), இ ஓடிய மணி, எஃப் தொகை, ஜி வரவு, எச் தருவதாகச் சொன்ன தேதி.

பாக்கி உள்ள வரிகளை நானே பெயின்ட் வாளியை அமுக்கிச் சிவப்பாக்கி வந்தேன். 50 வரி வரை சரி. இப்போது 340 தாண்டிவிட்டது. பணம் வந்த பிறகு வெள்ளையாக்க மறந்துபோய், கொடுத்து முடித்த ஒருவரிடம் சித்தப்பா கடைத்தெருவில் வைத்துப் பாக்கி கேட்டுவிட்டார், அவர் எங்களுக்குச் சம்பந்தி முறை வேறு. அன்று ராத்திரி வீட்டில் எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

நிபந்தனை வைத்தால் தானாகவே நிறம் மாறுகிற கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போட்டுப் பார்த்தேன். ஜி காலியாக இருந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் சிவக்கிறது. போதாக்குறைக்குக் கீழே இன்னும் எதுவுமே ஏற்றாத வரிகளும் சிவப்பு. எனக்கு வேண்டியது பெயரிலிருந்து கடைசி வரை முழு வரியும். எப்படி?

குடவாசல்காரன்:
தம்பி, நீங்கள் "இஸ் எம்ப்டி" என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது ஒவ்வொரு கட்டமும் தன்னையே பார்த்துக்கொள்கிற விதி, பக்கத்து வீட்டைப் பார்க்காது. கம்ப்யூட்டரில் திறந்து, ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போங்கள், "அப்ளை டு ரேஞ்ச்" இடத்தில் ஏ2:எச்1000 கொடுங்கள், நிபந்தனைப் பட்டியலில் கடைசியில் "கஸ்டம் ஃபார்முலா இஸ்" இருக்கும், அதில் இது:

=$ஜி2<$எஃப்2

எழுத்துகளை நான் தமிழில் தட்டியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். வரவு தொகையைவிடக் குறைவு என்றால் நிறம், அவ்வளவுதான். இரண்டுமே காலியாக உள்ள வரியில் குறைவு கூடுதல் ஏது, அதனால் கீழே சிவக்காது.

சூட்சுமம் அந்த டாலர் குறியில் இருக்கிறது. டாலர் இல்லாவிட்டால், ஏ கட்டம் ஜி-யைப் பார்க்கும், பி கட்டம் எச்-ஐப் பார்க்கும், அப்படியே ஒவ்வொன்றாக வலது பக்கம் நகர்ந்துகொண்டே போகும். எழுத்துக்கு முன் டாலர் போட்டால் அந்த வரியில் உள்ள எட்டுக் கட்டமும் ஜி-யையும் எஃப்-ஐயும் மட்டுமே பார்க்கும். 2-க்கு முன் டாலர் போட்டுவிடாதீர்கள், அப்புறம் எல்லா வரியும் இரண்டாவது வரியின் கணக்கைப் பார்த்துத்தான் நிறம் மாறும்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, வந்துவிட்டது! ஆனால் ஒரு வரி தள்ளி வருகிறது. பாக்கி வைத்தவருக்கு மேலே உள்ளவர் சிவப்பாக இருக்கிறார். இன்னொரு தடவை கடைத்தெரு தாங்காது.

குடவாசல்காரன்:
ரேஞ்சை ஏ1-லிருந்து ஆரம்பித்திருப்பீர்கள். ரேஞ்ச் எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதே எண்தான் ஃபார்முலாவிலும் இருக்க வேண்டும். ஏ2 என்று திருத்துங்கள், சரியாகிவிடும்.

உரக்கடை அக்கா:
நான் கும்பகோணத்துப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், கடன் கணக்கு இதே மாதிரிதான் நான்கு வருடமாக ஓட்டுகிறேன், பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிரைவர்கள் ஏற்றுகிறார்கள் என்றீர்களே, அதில்தான் வம்பு. "4500 ரூ" என்றோ "3000 மீதி அப்புறம்" என்றோ ஒருவர் அடித்துவிட்டால் அது எண் இல்லை, வெறும் எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் ஷீட்ஸ் எழுத்தைத்தான் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். ஆக, பாக்கி உள்ளவர் பணம் கட்டி முடித்தவர் மாதிரி வெள்ளையாக நிற்பார், நீங்களும் கேட்கவே மாட்டீர்கள். எஃப், ஜி இரண்டுக்கும் டேட்டா வேலிடேஷன் போட்டு, எண் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்யுங்கள். சொல்ல வேண்டிய கதைக்குத் தனியாகக் "குறிப்பு" என்று ஒரு பத்தி கொடுத்துவிடுங்கள்.

பாதி கொடுத்தவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது விதி, மஞ்சள்:

=ஆண்ட்($ஜி2>0,$ஜி2<$எஃப்2)

இதைச் சிவப்பு விதிக்கு மேலே இழுத்து வையுங்கள். இரண்டு விதியும் ஒரே வரிக்குப் பொருந்தினால் மேலே இருப்பதுதான் செல்லும்.

வெண்ணாற்றங்கரை:
அக்கா, தேடிப் பார்த்ததில் "ரூ" போட்டவை 11 கிடைத்தன. நன்றி. இன்னும் ஒன்று, கெடு தாண்டியவர்களை மட்டும் அடர்ந்த சிவப்பில் காட்ட முடியுமா? கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் கணக்கில் பணம் ஏறட்டும் என்றுதான் எல்லோரும் ஒரு தேதி சொல்கிறார்கள். நாங்களே மூன்று மா வயலில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள், அதனால் கெடுவுக்கு முன்னால் கேட்க மனசு வராது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிட்டால் காய வைத்து மறுபடி கொண்டுபோக வேண்டும், அப்போது கெடுவும் தள்ளிப்போகும். எச்-இல் தேதியை மாற்றினால் நிறமும் தானாக மாற வேண்டும்.

உரக்கடை அக்கா:
மாறும். மூன்றாவது விதி, எல்லாவற்றுக்கும் மேலே:

=ஆண்ட்($எச்2<>"",$எச்2<டுடே(),$ஜி2<$எஃப்2)

முதல் துண்டை விட்டுவிடாதீர்கள். காலியான தேதிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பூஜ்யம் இன்றைய தேதியைவிடச் சின்னது, அப்புறம் கெடுவே சொல்லாதவர் எல்லாம் கெடு தாண்டியவர் ஆகிவிடுவார்.

குடவாசல்காரன்:
அதற்கு முன் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை, அதாவது எந்த நாட்டு முறை என்பதை, பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 05/02/2025 என்பது பிப்ரவரி 5 இல்லை, மே 2. 15/02/2025 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் ஏது, அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும், அந்த வரி ஆயுசுக்கும் அடர்ந்த சிவப்பு ஆகாது. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது பக்கம் நின்றால் தேதி, நீங்கள் அலைன்மென்ட்டைத் தொட்டிருக்காத வரைக்கும். இந்தியா என்று மாற்றியபின் பழையவற்றை ஒரு தடவை கண்ணால் பாருங்கள், ஏற்கெனவே மே மாதம் ஆனது தானாகப் பிப்ரவரிக்குத் திரும்பாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பணம் கட்டியவருக்குப் பச்சை போடலாம் என்று யாராவது சொல்வார்கள், போடாதீர்கள். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அலுவலகத்தில் பையன்கள் செய்து கொடுத்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டு பல நாள் தலையை ஆட்டியிருக்கிறேன். வெயிலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டிரைவருக்கும் வெளிர் நிறம் எதுவும் தெரியப் போவதில்லை, ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல். அதே விதியில் தடித்த எழுத்தும் குறுக்குக் கோடும் வைக்க வசதி இருக்கிறது. முடிந்த கணக்குக்குக் குறுக்குக் கோடு, நோட்டில் அடிப்பது போலவே. கெடு தாண்டியதற்குத் தடித்த எழுத்து. நிறம் அதற்கு மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

இன்னொன்று, வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி அமுக்கி மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். சும்மா ஒட்டினால் விதியும் கூடவே வந்து ரேஞ்சைத் துண்டு துண்டாக்கிவிடும்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து எல்லாம் போட்டாயிற்று, கையால் பூசிய பழைய சிவப்பையும் மொத்தமாகத் துடைத்துவிட்டேன். கட்டியவர்கள் குறுக்குக் கோட்டோடு இருக்கிறார்கள், சித்தப்பாவுக்கு நிறத்தைவிட அதுதான் பிடித்திருக்கிறது, நோட்டு மாதிரியே இருக்கிறதாம். கெடு தாண்டியது 27. அதில் முதல் வரி, அடர்ந்த சிவப்பில் தடித்த எழுத்தில், சித்தப்பாவின் சொந்த வயல். டிரைவர் நேர்மையாக மணியும் தொகையும் ஏற்றி, கெடுவும் போட்டிருக்கிறார். இதற்கு என்ன விதி எழுதுவது?

உரக்கடை அக்கா:
விதியெல்லாம் வேண்டாம் தம்பி. சித்தி கையில் ஃபோனைக் கொடுத்துவிடுங்கள்.