சிபிஎல் போட்டும் குரோம் பம்பர்ல மாற்றமே இல்ல, பின்கண்ணாடில கலர் கலரா புள்ளி – ஃபில்டர் டூப்ளிகேட்டா?

லென்ஸ்மூடி:
வணக்கம் மக்களே. போன ஞாயிறு சென்னைல ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஏபிஎஸ்-சி கேமரா (சென்சார் கொஞ்சம் சின்னது), கூடவே வந்த பழைய 18-55 எம்எம் கிட் லென்ஸ். கார்ல விழுற பிரதிபலிப்பை எடுத்துடும்னு சொன்னாங்களேன்னு ஒரு சிபிஎல் (சுத்தித் திருப்புற போலரைசிங் ஃபில்டர்) வாங்கி மாட்டினேன். வந்த படங்களைப் பார்த்தா எரிச்சலா இருக்கு.

ஒரு கறுப்பு அம்பாசடர், மார்க் 1. அதோட கதவுல நான், என் ஆரஞ்சு டிஷர்ட், பின்னாடி நின்ன ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் அப்படியே இருக்கு. வண்டியும் கறுப்பா வரல, சாம்பல் பூத்த மாதிரி வந்திருக்கு. குரோம் பம்பர்ல ஃபில்டரை எப்படிச் சுத்தினாலும் ஒண்ணும் நடக்கல. தரையோட ஒட்டி இறக்கி மாடிஃபை பண்ண ஒரு கான்டெஸாவோட பின்கண்ணாடில நீலமும் ஊதாவுமா வரிசையா புள்ளிகள். அது வெள்ளை வண்டி, ஆனா பானட் மட்டும் மஞ்சளா இருக்கு. ஃபில்டரைத் திருப்பிக் கொடுத்துடலாமா?

கோவை_ஒளி:
அவசரப்படாதீங்க. முதல்ல ஃபில்டரைச் சோதிச்சிருவோமுங்க. ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கங்க. லென்ஸ்ல மாட்டுற பக்கம் உங்க கண்ணுக்கிட்ட இருக்கட்டும், டிஸ்ப்ளேவைப் பார்த்துக்கிட்டே மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல டிஸ்ப்ளே முழுசா இருண்டுச்சுன்னா ஃபில்டர் சரியாத்தான் இருக்குது. தலைகீழாப் பிடிச்சா இருளாது. அதைப் பார்த்துட்டுக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

குரோம் சமாச்சாரம்: உலோகத்துல பட்டுத் திரும்புற வெளிச்சம் பெருசா போலரைஸ் ஆகாது, அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சமா மாறாது. சிபிஎல் தடுக்கிறது அந்த மாதிரி வெளிச்சத்தைத்தானுங்க. எவ்வளவு விலை கொடுத்து வாங்கின சிபிஎல்லா இருந்தாலும் பம்பர்கிட்ட ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பெயின்ட், கண்ணாடி, ஈரத்தரை இதுலதான் அது வேலை செய்யும். அதுலயும் கோணம் பார்க்கணும். கதவுக்கு நேர் எதிர்ல நின்னு எடுத்தா பிரதிபலிப்பு துளிகூடக் குறையாது. கதவோட பரப்புலருந்து சுமார் 34 டிகிரி சாய்வா பார்க்கிற மாதிரி தள்ளி நில்லுங்க, அங்கதான் முழு பலன். கார் வளைஞ்ச உடம்பு, அதனால ஒரே நேரத்துல எல்லா இடமும் சுத்தமாகாது. பானட்டா, கதவா, முன்கண்ணாடியா, எது முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

பின்கண்ணாடிப் புள்ளி ஃபில்டரோட குறை இல்லீங்க. அது டஃபன்டு கண்ணாடி. செய்யும்போது நல்லாச் சூடாக்கி, வரிசையா இருக்கிற குழாய் வாய்கள்லருந்து வேகமா காத்தடிச்சுக் குளிரவைப்பாங்க. அந்த இறுக்கம் கண்ணாடிக்குள்ளயே தங்கிரும், சிபிஎல் போட்டா அதைப் புள்ளியாக் காட்டிரும். முன்கண்ணாடி லேமினேட்டடா (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஒட்டினது) இருந்தா அப்படி வராது. பின்பக்கம் எடுக்கறப்போ ஃபில்டரைச் சுத்திப் பாருங்க, குறையலைன்னா கழட்டிருங்க.

லென்ஸ்மூடி:
கால்குலேட்டர் இருண்டுடுச்சு! நன்றி அண்ணே. ஆனா கொஞ்சம் சாய்வா நின்னு எடுத்த படங்களும் இருக்கு. வ்யூஃபைண்டர்ல சுத்தமா தெரிஞ்சது, படத்துல திரும்ப வந்திருக்கு. அது எப்படி?

இருட்டறை:
உங்க லென்ஸ் அப்படி. பழைய 18-55 சிலதுல ஃபோகஸ் ஆகும்போது முன்பக்க வளையமே சுத்தும், ஃபில்டரும் கூடவே சுத்திடும். முதல்ல பாதி அழுத்தி ஃபோகஸ் பண்ணுங்க, அப்புறம் ஃபில்டரைத் திருப்புங்க, விரலை எடுக்காம எடுத்துடுங்க. யூவி ஃபில்டர் மேல சிபிஎல்லை மாட்டியிருந்தா அதையும் கழட்டுங்க, 18 எம்எம்ல படத்தோட மூலை கறுக்கும்.

கறுப்பு வண்டி சாம்பலானதுக்குக் காரணம் மீட்டரிங், அதாவது கேமரா வெளிச்சத்தை அளக்கற விதம். ஃபிரேம் முழுக்கக் கறுப்பா இருந்தா கேமரா இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 0.7லருந்து 1 வரைக்கும் இறக்குங்க. வெள்ளை வண்டிக்கு இதுக்கு நேர் எதிர். குரோம்ல சூரியன் பட்டு மின்னுற சின்னப் புள்ளி வெள்ளையா வெளுத்துப்போனா கவலைப்படாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும். அதைக் காப்பாத்தப் போய் மொத்தப் படத்தையும் இருட்டாக்குறவங்க நிறைய.

என் கருத்து வேற ஒண்ணு. கறுப்பு கார்ல பிரதிபலிப்பை முழுசா துடைச்சுட்டா சிலேட்டுப் பலகை மாதிரி செத்துப்போயிடும். அம்பாசடரோட அந்த உருண்டை மட்கார்டு உருண்டையா தெரியறதே அதுல ஓடுற வெளிச்சக் கோட்டாலதான். அதனால வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, வண்டிக்கு எதிர்ல என்ன இருக்குன்னு பாருங்க. வெறும் வானமோ நீளமான ஒரே நிறச் சுவரோ இருந்தா பாதி வேலை முடிஞ்சது. ஐஸ்கிரீம் வண்டி இருந்தா ரெண்டு அடி குனிஞ்சோ நகர்ந்தோ அதை வெளியே தள்ளுங்க. குனிஞ்சா கதவுல தரைக்குப் பதிலா வானம் ஏறும், ஹெட்லைட் உயரத்துல நின்னு பாருங்க, தெரியும். அடுத்த தடவை கறுப்போ கரும்பழுப்போ சட்டை போட்டுட்டு வாங்க. ஆரஞ்சு டிஷர்ட் வீட்லயே இருக்கட்டும்.

கோவை_ஒளி:
இருட்டறை சொன்னது நூத்துக்கு நூறுங்க. கான்டெஸா பானட் மஞ்சளானதுக்கும் வண்டியைச் சுத்தி இருந்ததுதான் காரணம். வண்டி ஷாமியானாக்குக் கீழ நின்னுச்சுங்களா?

லென்ஸ்மூடி:
ஆமாண்ணே, மஞ்சளும் சிவப்புமா பட்டை போட்ட துணி.

கோவை_ஒளி:
அப்போ வெயில் துணி வழியா இறங்கி பானட்டுக்குச் சாயம் பூசியிருக்கு. பின்பக்கம் வெளியே நீட்டிட்டு இருந்ததால அது வெள்ளையாவே வந்திருக்கும். ஒயிட் பேலன்ஸை (மொத்தப் படத்தோட நிறச் சாயலைச் சரிபண்ற செட்டிங்) மாத்தினா பானட் வெளுக்கும், டிக்கி நீலமாகும். ரா ஃபைலா (கேமரா சுருக்காம சேமிக்கிற மூலப் படம்) இருந்தா, எடிட் பண்றப்போ பானட்டை மட்டும் தனியாத் தேர்ந்தெடுத்து (மாஸ்க் போட்டு) மஞ்சளைக் குறைக்கலாம். இல்லைன்னா அந்த வண்டி உள்ள வர்றப்பவோ வெளிய போறப்பவோ பிடிங்க. ஓடற வண்டிக்கு ஷட்டரை 1/30, 1/60 செகண்டுன்னு வெச்சு கூடவே கேமராவைத் திருப்பினீங்கன்னா சக்கரம் சுத்தறதும் படத்துல தெரியும்.

ஹெரால்டுக்காரன்:
தம்பி, வண்டிக்காரங்க பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை. கேட்டா செய்வோம், கேட்காம விட்டுடறீங்க. பானட்டை மூடணுமா, திறக்கணுமா, முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஒடிச்சு நிறுத்தணுமா, தாராளமா கேளுங்க. மெட்ராஸ்லயே தயாரான என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு பானட்டும் மட்கார்டும் ஒண்ணா முன்னாடி சாயும். எஞ்சினும் முன்சக்கரமும் ஒரே பார்வையில தெரியும். எல்லாரும் அதை 18 எம்எம்ல மூக்குக்கிட்ட வந்து எடுக்கறாங்க. ஒரு ஹெட்லைட் பூசணிக்காய் ஆயிடுது. பின்னாடி தள்ளி 50க்கு மேல ஜூம் பண்ணா வண்டியை வடிவமைச்ச இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி போட்ட கோடு நேரா நிக்கும். காலைல ஏழு மணிக்கு வாங்க, நாங்க துணியை வெச்சுத் துடைச்சுட்டு இருப்போம், கூட்டம் இருக்காது, தள்ளி நிக்க இடம் கிடைக்கும்.

இன்னொண்ணு, கேமரா ஸ்ட்ராப் பக்கிள். குனியும்போது தொங்கி பெயின்டைக் கீறிடும். கையில சுத்திக்கோங்க. பையைத் தரையில வைங்க, ரன்னிங் போர்டுல வேண்டாம்.

லென்ஸ்மூடி:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஃபில்டரைத் திருப்பிக் கொடுக்கல. அடுத்த மாசம் இன்னொரு கண்காட்சி, ஹாலுக்குள்ள. எல்ஈடி லைட். அங்க சிபிஎல் உதவுமா? போன தடவை ஒரு ஹால்ல எடுத்தப்போ படம் முழுக்கப் படுக்கையா கோடு கோடா வந்துச்சு.

இருட்டறை:
ஹாலுக்குள்ள கழட்டி வைங்க. ஒண்ணரை, ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைத் தின்னுடும், ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) எகிறும். கோடு வந்தது லைட் துடிப்பு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்ஈடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். சைலண்ட் ஷட்டர் ஆன்ல இருந்தா அணைங்க. ஷட்டர் 1/50லயோ 1/100லயோ நிக்கட்டும், ஆன்டி-ஃப்ளிக்கர்னு மெனுல இருந்தா அதையும் போடுங்க. ஸ்பாட்லைட் எல்லாம் பானட்ல முத்து முத்தா விழும், அதுக்கு நீங்க நகர்றதைத் தவிர வழியில்ல.