கீநோட் திறக்கவில்லை, பிபிடிஎக்ஸில் தமிழ் சிதறுகிறது

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி விவசாயிகள் கூட்டத்துக்குக் குறுவை பற்றி இரண்டு ஃபைல்கள் வந்திருக்கின்றன: ஒன்று ஆப்பிளின் கீநோட், இன்னொன்று பவர்பாயின்டின் பிபிடிஎக்ஸ். கையில் இருப்பது லினக்ஸ் லேப்டாப், லிப்ரே ஆபீஸ். கீநோட் திறக்கவே இல்லை. பிபிடிஎக்ஸில் "நெல்" வரவேண்டிய இடத்தில் என், இ, ஒய், அரைப்புள்ளி என்று நிற்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கல்லணைக்காற்று:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது சார். அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்தது. அதில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில விசைகளின் குறியீட்டில்தான் பதிவாகும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஆங்கிலமே தெரியும். பாமினி ஃபான்டை இன்ஸ்டால் செய்து, லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸை மூடித் திறங்கள். திருத்தவும் வேண்டுமென்றால் பிரவுசரில் ஓடும் பாமினி கன்வெர்ட்டர் ஒன்றில் யூனிகோடாக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் கொடுங்கள். ஆனால் ஆங்கிலத்தில் அடித்த "ஏடிடி 43" போன்ற ரகப் பெயர்களைக் கன்வெர்ட்டரில் போடாதீர்கள், அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஃபான்ட் மாறினால் எழுத்தின் அகலமும் மாறும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே வழியும். ஸ்லைடு ஸ்லைடாகப் பாருங்கள்.

குடமுருட்டி:
கீநோட்டுக்கு எக்ஸ்டென்ஷனை மாற்றிப் பயனில்லை. அனுப்பியவரையே ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் டு, பவர்பாயின்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் பிரவுசரில் ஐகிளவுட் போதும், ஆப்பிள் அக்கவுன்ட் (முன்பு ஆப்பிள் ஐடி) மட்டும் வேண்டும்: ஃபைலை ஏற்றி, பவர்பாயின்டாக டவுன்லோட் செய்யலாம். கீநோட்டின் மேஜிக் மூவ் அசைவு மட்டும் அப்படியே வராது.

கல்லணைக்காற்று:
வீடியோ டபிள்யூஎம்வியாக இருந்தால் எம்பி4 ஆக்கிவிடுங்கள். பென்டிரைவில் ஒரு பிடிஎஃப்பும் இருக்கட்டும், பாமினி இருக்கிற கம்ப்யூட்டரில் எடுத்தது. பிடிஎஃப்புக்குள்ளேயே ஃபான்டும் பதிந்துவிடும். வீடியோ மட்டும் ஓடாது.